ஆறு வெள்ளைக்காரர்களுக்கு ஓர் ஆரத்தி

கோவில்பட்டியில் எந்த நடிகருக்கு எத்தனை மன்றம் என்று டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து கேலிக் மொழியில் பாடுகிற ஆறு பேருக்கும் இந்த ஊரில் ஒரு ரசிகர் மன்றம் உண்டு என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அதன் தலைவர் என் வீட்டுக்காரர். செயலாளர் விசேஷ வீடுகளுக்கு மைக் கட்டுகிற ரேடியோ செட் கடை வைத்திருப்பவர். பொருளாளர் பருத்திக் கமிஷன் கடை அண்ணாச்சி. உறுப்பினர்கள் கிடையாது. எல்லாருக்கும் பதவி கொடுத்து முடித்தபோது உறுப்பினராக இருக்க ஆள் மிஞ்சவில்லை.

மூன்று பேர்தானே, ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குழுவில் யார் தலைவர் என்பதில் இருபத்தைந்து வருடமாகச் சண்டை. தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதுகிறாரே, அந்தக் குழல்காரர்தான் தலைவர் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. மேளக்காரர் இல்லாவிட்டால் குழல் எடுபடாது என்பது ரேடியோ செட்காரர் கட்சி. கமிஷன் கடை அண்ணாச்சி காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி. தலைவரே இல்லாமல் ஆறு பேர் சேர்ந்து தொழில் செய்ய முடியும் என்பது இவர்கள் மூவருக்கும் தோன்றவே இல்லை. நம் ஊர்க்காரர்கள், பாவம், எங்கே பார்த்திருக்கிறார்கள்?

இந்த வினை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த சாமான்களோடு ஒரு கேசட்டும் வந்தது. போட்டதும் குழல் ஒன்று நீளமாக இழுத்தது. "நம்ம நாயனம்லா இது" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு கொட்டு விழுந்தது. "மேளமும் வந்துட்டு" என்றார். அன்றைக்கு அவர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவில்லை. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருடைய அப்பா விட்டுப்போன சின்ன ஆபீஸ் அது.

நான் ஓர் உதவி பெறும் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீ இங்கிலீஷ் டீச்சர்தான, என்ன பாடுதாவன்னு கேட்டுச் சொல்லு" என்றார். இரண்டு தரம் கேட்டுவிட்டு, "இது இங்கிலீஷ் இல்லைங்க" என்றேன். அவர் முகத்தில் பரிதாபம் படர்ந்தது. வெள்ளைக்காரன் இங்கிலீஷ் தவிர இன்னொன்று பேசுவான் என்பதை அவர் நம்பவில்லை. எனக்கு இங்கிலீஷ் வராது என்பதைத்தான் நம்பினார். ரேடியோ செட்காரரிடம், "பள்ளிக்கூடத்துல வெறும் கிராமர்தான் நடத்துவாவ போலருக்கு" என்று எனக்கு வக்காலத்து வாங்கியதை என் காதாலேயே கேட்டேன். கேசட் அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த மொழியின் பெயரைக் கொண்டுபோய்க் காட்டினேன். மன்னிப்பெல்லாம் இல்லை. "அப்ப அதையும் படிச்சிர வேண்டியதான" என்றார்.

அந்த அட்டையில் ஆங்கிலத்தில் கொஞ்சம் அர்த்தமும் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டு, கடலுக்குப் போனவர்கள் திரும்பும்போது வீட்டுப் பெண்கள் கரைக்கு வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதைப் பற்றியது. மெதுவான பாட்டு. அதில் மட்டும் குழல் தனியாக வரும். அது எனக்குப் பிடிக்கும். இதை இருபத்தைந்து வருடமும் நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மன்றத்தில் எனக்கு ஏதாவது ஒரு பதவி கொடுத்திருப்பார்கள்.

ஒரு சமயம் என் வீட்டுக்காரர் அந்த ஆறு பேரையும் தீப்பெட்டி லேபிளில் போட்டார். எங்கள் ஊர் லேபிளில் மயில் வரும், கப்பல் வரும், சாவி வரும், ரோஜாப் பூ வரும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இந்த லேபிளுக்குக் கேட்டார்கள். வடக்கே சரக்கு எடுக்கிற வியாபாரி போன் போட்டு, இவர்களெல்லாம் யார், ஏதாவது கொலைக் கேசில் தேடப்படுகிறவர்களா என்று விசாரித்தாராம். ஆறு பேருக்கும் தாடி. இவர் லேபிளை நிறுத்திவிட்டார். மிஞ்சின பண்டல்கள் வீட்டுக்கு வந்தன. இன்றைக்கும் எங்கள் பூஜை அறையில் விளக்கேற்றுகிற தீப்பெட்டி அதுதான். சாமி படங்களுக்கு முன்னால் ஆறு தாடிக்காரர்கள் தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இப்படியே போயிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒருநாள் காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். குழுவின் பேஸ்புக் பக்கத்தில் அறிவிப்பு வந்திருந்தது. வயதாகிவிட்டது, போதும், கடைசியாக ஒரு கச்சேரி பாடிவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்று நாலு வரியில் எழுதியிருந்தார்கள். படித்துச் சொன்னேன்.

"சும்மா சொல்லுவாவ" என்றார். "ஒதுங்கிட்டேன்னு சொன்ன எத்தன பேரு நம்மூர்ல திரும்பி வந்து நிக்காவ."

அந்தத் தீவில் நம் ஊர் வழக்கம் இல்லை போலிருக்கிறது. சொன்னபடி பாடினார்கள், சொன்னபடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் மூன்று நாள் சவரம் செய்யவில்லை. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று நான் கேட்டது உண்மைதான்.

அதே வருடம்தான் நானும் ஓய்வு பெற்றேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறுகிறவர்களை நாங்கள் அப்படியே அனுப்பிவிடுவதில்லை. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வேன் பிடித்து, வசதி இருந்தால் மேளம் வைத்து, வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவோம். வாசலில் வீட்டு ஆள் ஆரத்தி எடுத்து நிற்பார். தலைமையாசிரியரோ மூத்தவரோ ஒருவர், "இத்தனை வருடம் எங்களோடு இருந்தார், இனி உங்களோடு இருப்பார், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைப்பார். பிறகு கேசரி. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை நான் இப்படிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கடுவன் பூனை மாதிரி இருந்த ட்ரில் மாஸ்டர்கூட அந்த ஒப்படைக்கிற பேச்சில் மூக்கைச் சிந்தினார். எனக்கும் அது வேண்டும் என்று ஆசை. நகை கேட்டதில்லை, ஊட்டி கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டேன்.

மே மாதக் கடைசி நாள் பள்ளிக்கூடம் லீவில் இருக்கும். விழா எடுக்க ஆள் கிடையாது. அதனால் முன்கூட்டியே அவரிடம் சொன்னேன், "நீங்க வந்து என்னைக் கூட்டிட்டு வந்தாப் போதும், மேளம்கூட வேண்டாம்" என்று. "வாரேன் டீச்சர், இதெல்லாம் சொல்லணுமா" என்றார்.

அன்றைக்குப் பள்ளியில் தலைமையாசிரியையும் கிளார்க்கும்தான் இருந்தார்கள். பொன்னாடை போர்த்தி, என் பேரும் வேலை பார்த்த வருடமும் அச்சடித்த சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். தலைமையாசிரியைக்கு மதுரையில் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "சார் வருவாவள்ல?" என்று கேட்டார். "வருவாவ" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பதினோரு மணியிலிருந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தரம் போன் போட்டேன், எடுக்கவில்லை. நாலு மணிக்குக் கிளார்க் சாவிக்கொத்தோடு வந்து கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் வந்தேன். பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அதைப் போர்த்திக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆறு மணிக்கு வந்தார். "பிளெக்ஸ் கடைல ஒரே சத்தம், போன் கேக்கல. நம்ம குழல்காரருக்கு முகம் கருப்பா விழுது, மூணு தரம் மாத்திப் போட்டாச்சு" என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?" என்றார்.

கடிகாரத்தைப் பெட்டியோடு பீரோ மேலே தூக்கி வைத்தேன். அடுத்த பத்து நாள் உப்பில்லாமல் ரசம் வைத்தேன். அவர் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். தண்டனை கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும்.

பிளெக்ஸ் கடைக்கு எதற்குப் போனார் என்பது ஆனி மாதக் கடைசியில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "மேளம் பன்னெண்டு மணிக்கு வீட்டுக்கு வரும். ஆரத்தி கரைச்சு வை" என்றார்.

"யாருக்கு?"

"அவிய ஆறு பேருக்கும்தான். ஆபீஸ்ல வச்சு இன்னிக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. முடிஞ்சதும் வீட்டுல கொண்டாந்து விடணும்லா. தீவுக்கா போவ முடியும்? தலைவர் வீடுன்னு முடிவு பண்ணிருக்கு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதருக்குக் கொஞ்சம்கூட உறைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை என் கையில் கொடுத்து, காலரை மட்டும் கொஞ்சம் பார்க்கச் சொன்னார்.

விழாவுக்கு நான் போகவில்லை. எதிர்வீட்டு அக்கா போயிருந்தார், கடம்பூர் போளி உண்டு என்று கேள்விப்பட்டு. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு நாற்காலி போட்டு, ஆறு படத்தை ஃபிரேம் போட்டு உட்காரவைத்திருந்தார்களாம். படத்துக்கு மாலை போடக் கூடாது, போட்டால் செத்துப்போனவர்கள் ஆகிவிடுவார்கள் என்று ரேடியோ செட்காரருக்கு நல்லவேளையாகத் தோன்றியிருக்கிறது. பொன்னாடை மட்டும் போர்த்தினார்களாம். ஆனாலும் கயத்தாற்றிலிருந்து வந்த நாயனக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு, "பதினாறாம் நாளா, வருச நினைவா?" என்று தணிந்த குரலில் கேட்டிருக்கிறார். எதை வாசிப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

வாழ்த்து மடலை வாசித்தவர் கமிஷன் கடை அண்ணாச்சி. அச்சகத்தில் வேறு யாருக்கோ அடித்து வைத்திருந்த மடலில் பேரை மட்டும் மாற்றி வாங்கியிருந்தார்கள். அதனால் அந்த ஆறு பேரும் நேரம் தவறாமல் பணிக்கு வந்தவர்கள், மேலதிகாரிகளின் நன்மதிப்பைப் பெற்றவர்கள், மருத்துவ விடுப்பே எடுக்காதவர்கள் என்று கோவில்பட்டியில் பதிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வரவழைக்கப்பட்ட ஆபீஸ் பெண்கள் எல்லாவற்றுக்கும் கை தட்டியிருக்கிறார்கள். "வெள்ளக்காரவுகளும் நம்மள மாதிரி லீவு போடாம உழைச்சிருக்காவ, பாத்தியாட்டி" என்று ஒருத்தி கண் கலங்கினாளாம்.

பன்னிரண்டரைக்கு மேளச் சத்தம் கேட்டது. நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால், மேளத்தோடு வருகிறவர்களை வாசலில் நிறுத்திவைக்க எனக்கு வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. காற்று மண்ணை வாரி அடித்தது. முன்னால் நாயனம், தவில். அதற்குப் பின்னால் ஆறு ஆபீஸ் பெண்கள், ஆளுக்கொரு படம். பின்னால் மன்றம். ரேடியோ செட்காரர் ஒரு சுவர்க் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

கடிகாரத்தைப் பார்த்ததும் தூக்கிய தட்டை இறக்கிவிட்டேன்.

"மதினி, சட்டுனு எடுங்க. காத்துல சூடம் நிக்காது" என்றார் கமிஷன் கடை அண்ணாச்சி.

"மொதல்ல அந்தக் கடிகாரத்துல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க அண்ணாச்சி."

மேடைப் பழக்கம் விடுமா? எதையும் யாரும் வாசிக்கச் சொன்னால் அவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வார். "பணி நிறைவு பெறும் ஆங்கில ஆசிரியை" என்று ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தவர், என் பேர் வந்ததும் நிறுத்தினார். தவில்காரரும் நிறுத்தினார்.

"பரிசு வாங்க மறந்துட்டு. கடையெல்லாம் அடைப்பு. வீட்டுல சும்மா கெடந்துச்சேன்னு எடுத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கடிகாரம் மட்டுமா சும்மா கெடந்துச்சு? நானுந்தான் கெடந்தேன். பள்ளிக்கூடத்து பெஞ்சுல, பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும்."

அவர் யோசித்தார். பிளெக்ஸ் கடை, குழல்காரரின் கருத்த முகம், மூன்று தரம் மாற்றிப் போட்டது எல்லாம் அவருக்குள் வரிசையாக வந்து நிற்பது வெளியே தெரிந்தது. "அன்னிக்கா?" என்றார், மெதுவாக.

எதிர்வீட்டு அக்கா போளியை மென்றுகொண்டே, "ஆமா, டீச்சர் ரிடையர்டு ஆனப்ப மேளத்தையே காணமே" என்றார். தெருவில் ஒருவர் இப்படி இருந்தால் போதும், நாம் வாய் திறக்க வேண்டியதில்லை.

தட்டை உள்ளே வைத்தேன். பைக்குள் அப்படியே கிடந்த பொன்னாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். நாயனக்காரரிடம், "இன்னும் எவ்வளவு நேரம் வாசிப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் பேசியிருக்கு. அரை மணிகூட ஆவல."

"அப்ப பள்ளிக்கூடம் வரைக்கும் வாங்க. அங்கனருந்து என்னைக் கொண்டாந்து விடுங்க."

மினிபஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிற பள்ளிக்கு எல்லாரும் மேளமில்லாமல் நடந்தோம், படங்களோடு. கேட் பூட்டியிருந்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் நான் திரும்பி நின்றேன். என் வீட்டுக்காரர் நாயனக்காரரின் காதில் ஏதோ சொன்னார்.

வந்த வழியே திரும்பியபோது நாயனக்காரர் அந்த மெதுவான பாட்டை வாசித்தார், கரையில் நின்று கூட்டிக்கொண்டு போகிற பாட்டை. விழா எதற்கென்று சொல்லாமலேயே பாட்டுகளைப் போனில் அனுப்பி ஒரு வாரம் பழகவைத்திருக்கிறார்கள். அந்த ஆறு பேரும் வாசித்ததைவிட இவர் நன்றாக வாசித்தார் என்று நான் சொன்னால் மன்றம் என்னைத் தள்ளிவைக்கும். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் வந்தது என்று இன்றைக்கும் கேட்கிறவர்களிடம் சொல்லிவருகிறேன். இத்தனை பாட்டில் அதைத்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று என் வீட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பாதி வழியில் குழல்காரர் படத்தை வைத்திருந்த பெண், "டீச்சர், புள்ளைக்கு சோறு வடிக்கணும், இதக் கொஞ்சம் பிடிங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதனால் நான் என் ஓய்வுக்கும் குழல்காரருடைய ஓய்வுக்கும் சேர்த்தே நடக்க வேண்டியதாயிற்று.

வாசலுக்கு வந்ததும்தான் ஒரு சங்கடம் புரிந்தது. ஆரத்தி எடுக்க வேண்டிய ஆள் நான். நானோ தெருவில் நிற்கிறேன். சாவியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தட்டைக் கொண்டுவந்தார், பாதியை வேட்டியில் சிந்தியிருந்தார். பூஜை அறைத் தீப்பெட்டியை எடுத்து வந்திருந்தார். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது காற்றில் அணைந்தது. மூன்றாவது பற்றவே இல்லை.

"மொதலாளி, மருந்து சரியா முக்கலியோ?" என்றாள் ஓர் ஆபீஸ் பெண். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த குச்சியைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து, தட்டின்மேல் குனிந்து, சூடத்தைப் பொருத்தினார். மூன்று சுற்றுச் சுற்றினார், அதில் ஒன்று தப்பான பக்கம். என் நெற்றியில் பொட்டு வைத்தார். பொட்டு புருவத்தில் விழுந்தது.

கமிஷன் கடை அண்ணாச்சி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இந்தத் தடவை தொண்டையைச் சரிசெய்துகொள்ளவில்லை. "முப்பத்திரண்டு வருசம் பள்ளிக்கூடத்துல இருந்தாவ. இனிமே ஒங்க வீட்டுல இருப்பாவ. பத்திரமா பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

"பாத்துக்கிடுதேன்" என்றார் என் வீட்டுக்காரர். கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் அதை என்னைப் பார்த்துச் சொன்னாரா, என் கையில் இருந்த குழல்காரரைப் பார்த்துச் சொன்னாரா என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.